குறி பார்த்துச் சுடு மச்சான்!

சொந்தக்காரர்கள் எதற்கெல்லாம் பேச்சுவார்த்தையை நிறுத்திக் கொள்வார்கள்? பாகப்பிரிவினை... கல்யாணப் பத்திரிகையில் பெயர் விட்டுப் போனது... மொய் குறைந்தது... நானும் என் அத்தை பையனும் 2021-ல் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. காரணம், ஒரு எலி!

நிஜ எலி இல்லை சார். கம்ப்யூட்டர் எலி. மவுஸ்.

அவன் இருப்பது பாரீஸ் பக்கம். அடியேன் புதுச்சேரி தேங்காய்த்திட்டு. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் வழி. காற்று அடித்தால் பாதி உப்பு, பாதி மீன் வாசனை. அத்தையைக் கட்டிக் கொடுத்த வீட்டுப் பெரியவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த சொல்தா. 1962-ல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது, "பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம்" என்றார்கள். அவர் எழுதிக் கொடுத்தார். என் தாத்தா, "எதுக்கு வம்பு?" என்று சும்மா இருந்து விட்டார். அந்த ஒரு காகிதத்தால்தான் அவன் பிளேஸ்டேஷன்காரனாகவும், நான் பி.சி.காரனாகவும் ஆனோம் என்பது என் ஆராய்ச்சி முடிவு.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி. 'ஃபர்ஸ்ட் பெர்சன் ஷூட்டர்' என்று ஒரு ஜாதி வீடியோ கேம். திரையில் ஹீரோ தெரிய மாட்டார். துப்பாக்கியும் அதைப் பிடித்திருக்கும் கையும் மட்டும் தெரியும். எம்.ஜி.ஆர். படத்தை எம்.ஜி.ஆரின் கண் வழியாகவே பார்ப்பது மாதிரி. இதைக் கம்ப்யூட்டரில் கீபோர்டு, மவுஸ் வைத்து ஆடுவது ஒரு கட்சி. டி.வி.யோடு இணைக்கிற கன்ஸோல் பெட்டியில், இரண்டு கையாலும் பிடிக்கிற கன்ட்ரோலரை வைத்து ஆடுவது எதிர்க்கட்சி. உலகம் பூராவும் இவர்களுக்குள் ஆகாது. எங்கள் குடும்பம் மட்டும் விதிவிலக்கா?

வாத்து சுட்ட காலம்

எங்கள் இருவருக்கும் முதல் துப்பாக்கி ஒன்றுதான். தொண்ணூறுகளில் வீட்டுக்கு வீடு ஒரு வீடியோ கேம் பெட்டி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கேஸட்டின் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். உள்ளே எண்ணிப் பார்த்தால் பதினாறு தேறும். அதோடு ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி. பறக்கிற வாத்தைச் சுட வேண்டும்.

துப்பாக்கியிலிருந்து ஏதோ கதிர் போய் டி.வி.யைத் தாக்குகிறது என்று நம்பி, குறுக்கே வந்த பாட்டியை எல்லாம் விரட்டியிருக்கிறோம். உண்மை அதற்கு நேர் எதிர். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி மூக்கில் இருக்கும் சின்னக் கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து காலி. சுட்டது டி.வி.தான், துப்பாக்கி வாங்கிக் கொண்டது, அவ்வளவே! பழைய பிக்சர் டியூப் டி.வி.க்காகச் செய்த ஏற்பாடு அது. இன்றைய தட்டை டி.வி.யில் அந்த வாத்துகளுக்கு ஆயுசு நூறு.

1998-ல் மச்சான் லீவுக்கு வந்தான். பிரான்ஸில் பெரிய லீவு ஜூலை, ஆகஸ்ட். எங்களுக்கு அப்போது முழுப் பரீட்சை முடிந்து, அடுத்த வகுப்பும் ஆரம்பித்திருக்கும். நான் ஸ்கூல் பையோடு வாசலில் நுழையும்போது அவன் ஒரு நிண்டெண்டோ 64 பெட்டியைப் பிரித்துக் கொண்டிருந்தான். ஆட்டம், 'கோல்டன்ஐ 007'. அதற்கு முந்தைய வருஷம் வந்தது. நாமே ஜேம்ஸ் பாண்ட்!

ஆனால் இணைக்க முடியவில்லை. பிரான்ஸில் டி.வி.களுக்கு 'பெரிடெல்' என்று 21 முள் வைத்த அகலமான பிளக். எங்கள் வீட்டு டி.வி.யிலோ மஞ்சள், வெள்ளை என்று வட்ட ஓட்டைகள். கடைசியில் முதலியார்பேட்டை டி.வி. மெக்கானிக் ஒருவர், வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, வயரை வெட்டிப் பற்றவைத்துக் கொடுத்தார். படம் வந்தது. தெருவே வந்தது.

திரையை நாலாகப் பிரித்து நாலு பேர் ஆடலாம். பக்கத்தில் இருப்பவனின் கால் பங்குத் திரையை எட்டிப் பார்த்து, அவன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று கண்டுபிடிப்பதுதான் ஆட்டத்தின் பாதி சாமர்த்தியம். "டேய், என் சைடைப் பார்க்காதே!" என்ற கூச்சல் துறைமுகம் வரை கேட்டிருக்கும்.

கன்ஸோல் கட்சியின் பெரிய பலம் இதுதான் என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பாய், ஒரு டி.வி., நாலு பேர்.

பந்து வைத்த மவுஸ்

2004-ல் அவன் மறுபடி வந்தபோது நான் கட்சி மாறியிருந்தேன். பிரவுஸிங் சென்டர் கட்சி. மணிக்கு இருபது ரூபாய். ரெஸ்யூமே டைப் அடிக்க வருகிறவர்கள் முன்பக்கம். 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்' ஆடுகிற நாங்கள் பின்பக்கம். 1999-ல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்ற இரண்டு இளைஞர்கள் 'ஹாஃப் லைஃப்' ஆட்டத்தை மாற்றிச் செய்து இலவசமாக விட்ட சரக்கு அது. அடுத்த வருஷமே வால்வ் கம்பெனி வாங்கிக் கொண்டது.

அப்போது மவுஸுக்கு அடியில் ரப்பர் பந்து. ஊர் அழுக்கெல்லாம் அதில் சேரும். சீட்டில் உட்கார்ந்ததும் மூடியைத் திருகி, பந்தை எடுத்து, உள்ளே இருக்கும் உருளைகளை நகத்தால் சுரண்டுவோம். மச்சான் அருவருப்பாகப் பார்த்தான். ஆட்டம் ஆரம்பித்து பத்து நிமிஷத்தில் அவனைப் பதினோரு தடவை சுட்டேன். "இந்த மெஷின் சரியில்லை" என்றான். தோற்றவர்கள் எல்லோரும் சொல்கிற வசனம்.

மெஷினில் கோளாறில்லை. மவுஸ் சங்கதி வேறு, ஸ்டிக் சங்கதி வேறு. எங்கள் துறைமுகத்தில் வைத்தே சொல்கிறேன்.

மவுஸ் என்பது விரலை நீட்டி "அதோ!" என்று காட்டுவது. கை எவ்வளவு நகர்கிறதோ, பார்வை அவ்வளவு திரும்பும். கை நின்றால் பார்வையும் நிற்கும். கன்ட்ரோலரில் கட்டைவிரலால் தள்ளுகிற ஸ்டிக் அப்படியில்லை. அது படகின் சுக்கான். தள்ளிப் பிடித்திருக்கும் வரை பார்வை திரும்பிக் கொண்டே இருக்கும். எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவு வேகம். சரியான திசை வந்ததும் சுக்கானை விட்டுவிடத் தெரிய வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் படகு தாண்டிப் போகும். திரும்ப இழுக்க வேண்டும். அதற்குள் எதிரி உங்களை முடித்துவிட்டு டீ சாப்பிடப் போயிருப்பான்.

நியாயமாக இன்னொன்றும் சொல்லி விடுகிறேன். நடப்பதற்கு ஸ்டிக்தான் ராஜா. கீபோர்டில் டபிள்யூ, ஏ, எஸ், டி என்று நாலு பட்டன். சேர்த்து அழுத்தினாலும் எட்டுத் திசைதான். ஸ்டிக்கில் எந்தக் கோணத்திலும் போகலாம். மெல்ல அழுத்தினால் பூனை நடை, முழுக்கத் தள்ளினால் ஓட்டம். ஆக, கால் அவர்களுக்கு, கை எங்களுக்கு.

கம்பெனி சுடுது!

2020 மார்ச். பிரான்ஸில் 17-ம் தேதி ஊரடங்கு. நம் ஊரில் 25-ம் தேதி. அந்த மாதம்தான் 'கால் ஆஃப் டியூட்டி: வார்ஸோன்' இலவசமாக வந்திருந்தது. பி.சி.காரனும் கன்ஸோல்காரனும் ஒரே களத்தில் இறங்கலாம். கிராஸ்பிளே என்று பெயர். ஒரே பிரச்னை, டவுன்லோடு 80, 100 ஜி.பி. என்றது. மூன்று ராத்திரி இறக்கினேன்.

அதற்குமுன் கம்ப்யூட்டர் வேண்டுமே? 62,000 ரூபாயில் ஒன்று ஏற்கெனவே சேர்த்திருந்தேன். "நாலு கம்பெனிக்கு ஜி.எஸ்.டி. கணக்குப் போடுகிறேன், நல்ல மெஷின் தேவை" என்று மனைவியிடம் சொல்லி வாங்கியது. ஜி.எஸ்.டி. போடுவதற்கு கிராஃபிக்ஸ் கார்டு எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இரவு பத்து மணிக்கு எனக்குச் சாப்பாடு முடியும்; அவனுக்கு சாயங்காலம் ஆறரை. ஹெட்போனை மாட்டிக் கொள்வோம். சுடுவது ஒரு சாக்கு. பாதி நேரம் அத்தைக்கு மூட்டு வலி, அப்பாவுக்கு சர்க்கரை, அங்கே கத்தரிக்காய் என்ன விலை, இங்கே யார் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் என்றுதான் பேச்சு. விமானம் ஓடாத நாளில் எங்கள் குடும்பத்தின் திண்ணை அதுதான்.

சனியன், 'எய்ம் அசிஸ்ட்' ரூபத்தில் வந்தது. அதாவது, குறி பார்ப்பதற்குக் கைத்தாங்கல். ஸ்டிக்கை வைத்துக் கொண்டு குறி பார்ப்பது கஷ்டம் என்று கன்ஸோல் ஆட்டங்களில் மெஷினே கொஞ்சம் உதவி செய்யும். 2001-ல் எக்ஸ்பாக்ஸில் வந்த 'ஹேலோ' இதை அழகாகச் செய்தது. எதிரி மேல் குறி வரும்போது பார்வையின் வேகம் தானாகக் குறையும். வழுக்குகிற தரையில் அந்த இடத்தில் மட்டும் கோணி போட்ட மாதிரி.

2021 பிப்ரவரியில் ஒரு ராத்திரி. பி.சி.காரர்கள் மூன்று பேரை ஒரே அறைக்குள் வைத்து சுருட்டினான் மச்சான். ஒரே குதி! அவர்கள் இடத்தில் நானே இருந்தது போல் எனக்கு வயிறு எரிந்தது. வாய் சும்மா இருக்கவில்லை.

"நீ சுடலைடா மச்சான். உனக்காகக் கம்பெனி சுடுது!"

ஒரு நிமிஷம் மௌனம். பிறகு அவன், "நீ மட்டும் இன்னா சுடறியா? ஆபீஸ் முடிஞ்சும் டேபிள்ல குந்திக்கினு டாலியில என்ட்ரி போடற மாதிரி டைப் அடிக்கிற. அதுக்குப் பேரு விளையாட்டா?" என்றான்.

பி.காம். படித்தவனிடம் டாலியை இழுக்கலாமா? நான் பதிலுக்கு எதையோ சொல்ல, அவன் அதற்கு மேல் எதையோ சொல்ல... மறுநாள் அவன் கிராஸ்பிளேயை அணைத்துவிட்டான். பிளேஸ்டேஷனில் அதற்கென்று ஒரு ஸ்விட்ச் உண்டு. தட்டிவிட்டால் பி.சி. ஜாதியே கண்ணில் படாது. இந்தக் காலத்தில் வாசல் கதவை அடைப்பது இப்படித்தான்.

ஆதாரம் தேடப் போய்...

விட்டேனா நான்? வக்கீல் மாதிரி கேஸ் கட்டத் தயாரானேன். மவுஸ்தான் வீரனுக்கு அழகு என்று நிரூபிக்க ஆதாரம் தேடினேன். முதலில் நல்ல சரக்காகவே கிடைத்தது. 1997-ல் அமெரிக்காவில் நடந்த 'குவேக்' போட்டியில் 'த்ரெஷ்' என்ற பட்டப்பெயர் கொண்ட டென்னிஸ் ஃபாங் ஜெயித்தார். பரிசு, அந்த ஆட்டத்தை எழுதிய ஜான் கார்மக்கின் சொந்த ஃபெராரி கார்! மவுஸும் டபிள்யூ-ஏ-எஸ்-டியும் பிரபலமானதில் ஃபாங்குக்குப் பெரிய பங்கு.

எதிர்க்கட்சிக்கு எதிராகவும் ஒன்று சிக்கியது. இடது ஸ்டிக்கில் நடை, வலது ஸ்டிக்கில் பார்வை என்று இன்று எல்லோரும் ஆடுகிற முறையில் 2000-ல் பிளேஸ்டேஷனில் 'ஏலியன் ரிஸரெக்‌ஷன்' வந்தபோது, கன்ஸோல் விமரிசகர் ஒருவரே "இது என்ன கொடுமை!" என்கிற பாணியில் எழுதியிருக்கிறார். சிரித்துக் கொண்டே குறித்துக் கொண்டேன்.

அடுத்து, எங்கள் ஆதி தெய்வத்திடம் போனேன். 1993 டிசம்பர் 10-ல் வந்த 'டூம்'. பி.சி. கட்சிக்காரன் விழுந்து கும்பிடுகிற ஆட்டம். அங்கேதான் தலையில் இடி.

'டூம்' ஆட்டத்தில் மேலே, கீழே பார்க்கவே முடியாது. மாடியில் பேய் நிற்கும். நாம் நேராகச் சுடுவோம். குண்டு தானாக மேலே ஏறிப் பேயின் மேல் படும். அதாவது, உயரத்துக்கு வேண்டிய குறியை மெஷினே பார்த்துக் கொண்டது. எய்ம் அசிஸ்ட்! எங்கள் கோயில் கர்ப்பக்கிரகத்திலேயே! 1993-லேயே எங்களுக்காகவும் கம்பெனிதான் சுட்டிருக்கிறது.

இதை மச்சானிடம் சொல்வதா? மானம் என்று ஒன்று இருக்கிறதே. நோட்டை மூடி வைத்தேன். மார்ச் போயிற்று. ஏப்ரல் போயிற்று.

சாம்பல் நிறப் பெயர்

மே மாதம் கொரோனாவின் இரண்டாவது அலை. அப்பாவுக்குக் காய்ச்சல், அப்புறம் மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆக்ஸிஜன் வைத்தார்கள். "உன் அத்தைக்குச் சொல்லாதே. அவளால வரவும் முடியாது, தூங்கவும் மாட்டா" என்றார் அப்பா, மாஸ்க்குக்குள்ளிருந்து. யாருக்கும் சொல்லவில்லை. பகலில் வராந்தா, ராத்திரியில் மரத்தடியில் மோட்டார் பைக் மேல் தூக்கம்.

ஒன்பதாம் நாள் ராத்திரி போன் அடித்தது. பிரான்ஸ் நம்பர். மூன்று மாதத்துக்குப் பிறகு.

"மச்சான்... இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லையே. ஏன்?"

"உன் பேரு ஒன்பது நாளா சாம்பல் கலர்லயே இருக்குது."

ஆட்டத்தில் நண்பர்கள் பட்டியல் என்று ஒன்று உண்டு. ஆன்லைனில் இருந்தால் பெயர் பிரகாசமாகத் தெரியும். இல்லாவிட்டால் சாம்பல். என்னோடு ஆடாமல், பேசாமல், கிராஸ்பிளேயை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தவன், தினமும் ராத்திரி அந்தப் பட்டியலைத் திறந்து என் பெயர் எரிகிறதா என்று பார்த்திருக்கிறான்! நான் எந்தக் கோபத்திலும் ஒரு ராத்திரி கூட ஆட வராமல் இருந்ததில்லை என்று அவனுக்குத் தெரியும்.

எனக்குத் தொண்டை அடைத்தது. சொன்னேன். "மாமாவுக்கா?" என்றான். அப்புறம் இருவருமே கொஞ்ச நேரம் பேசவில்லை. அது வேறு மாதிரி மௌனம்.

அப்பா பதினான்காம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். அன்றைக்கு ராத்திரிதான் 'டூம்' விஷயத்தைச் சொன்னேன். அவன் சிரித்த சிரிப்பில் என் ஹெட்போன் கிழிந்திருக்கும். "சரி, கிராஸ்பிளேயை ஆன் பண்ணிட்டேன், வா" என்றான்.

மாமாவின் தீர்ப்பு

2023 ஜூலையில் குடும்பத்தோடு வந்தார்கள். ஒரு பந்தயம் வைத்தோம். அவன் என் மவுஸில், நான் அவன் கன்ட்ரோலரில்.

நான் முதல் ஐந்து நிமிஷம் மேல்கூரையையே சுட்டேன். அவனோ மவுஸை நகர்த்திக் கொண்டே போய், மேஜை முடிந்து, என் மனைவியின் காபி டம்ளரைச் சாய்த்தான். ஒரு மணி நேரம் ஆனதும் இரண்டு பேருக்குமே ஒரு புத்தி வந்தது. தூரத்தில், ஜன்னலில் ஒரு தலை தெரிகிறதா? மவுஸ்தான். ஒரே தட்டு. ஆனால் அறைக்குள் எதிரி இப்படியும் அப்படியும் பாய்கிறானா? அங்கே ஸ்டிக்காரன் பிழைப்பான். மனுஷக் கண் பார்த்து, மூளை சொல்லி, கை திரும்ப ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். எய்ம் அசிஸ்ட்டுக்கு அந்தத் தாமதம் கிடையாது. அதனால்தான் 'ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ்' போட்டிகளில் பெரிய ஆட்டக்காரர்கள் பலர் பி.சி.யிலேயே கன்ட்ரோலரை மாட்டி ஆட ஆரம்பித்தார்கள். 2024-ல் அந்த உதவியைக் குறைக்க வேண்டி வந்தது. நான் போட்ட சத்தத்தில் கொஞ்சம் நியாயமும் இருந்திருக்கிறது!

சாயங்காலம் மாமா எங்கள் இருவரையும் பெத்தாங்க் ஆடக் கூட்டிப் போனார். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன இரும்புக் குண்டு விளையாட்டு. ஒரு சின்ன மரக்குண்டை உருட்டி விட்டு, அதன் கிட்டே இரும்புக் குண்டை எறிய வேண்டும். தூரம் ஆறிலிருந்து பத்து மீட்டர். மாமா ரிட்டயராகி முழங்கால் தேய்ந்தவர். எறிந்தார். 'டங்'. எதிராளி குண்டு பறந்தது. மாமா குண்டு அதே இடத்தில் உட்கார்ந்தது.

"எப்படி மாமா?"

"கையை விட்டுக் காட்டணும்டா, வேற இன்னா? ஒவ்வொரு டீம்லயும் பக்கத்துல கொண்டு போய் வைக்கிறவன் ஒருத்தன், தூரத்துல அடிச்சுத் தூக்கறவன் ஒருத்தன் இருப்பான். ரெண்டு பேரும் வேணும். நான்தான் ஒசத்தின்னு ரெண்டு பேரும் சண்டை போட்டா, மூணாவது ஆள் ஜெயிச்சுட்டுப் போவான்."

மச்சான் என்னைப் பார்த்தான். நான் குண்டைப் பார்த்தேன். அன்றிலிருந்து எங்கள் அணியில் மாடி எனக்கு, அறை அவனுக்கு.

சரி, எதை வாங்குவது?

பி.காம். புத்தி, கணக்குச் சொல்லாமல் விடாது. மூலதனச் செலவில் கன்ஸோல் மலிவு. பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு வந்தபோது (2021 பிப்ரவரி) விலை 49,990 ரூபாய். அதற்குமுன் 2020 நவம்பரில் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 34,990-க்கு வந்தது. வாங்கி, செருகி, ஆட வேண்டியதுதான். எல்லோருக்கும் ஒரே மெஷின் என்பதால் 'எனக்கு ஓடுமா?' என்ற கவலை இல்லை.

நடைமுறைச் செலவில் பி.சி. மிச்சம். பிளேஸ்டேஷன் 5-க்குப் புது ஆட்டம் ஒன்று 4,999 வரை வந்தது. காசு கொடுத்து வாங்கிய ஆட்டத்தை ஆன்லைனில் ஆட சந்தா வேறு. பி.சி.யில் 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2', 'வேலரன்ட்' இரண்டுமே இலவசம். வேலரன்ட்டுக்கு மும்பையில் சர்வர் இருப்பதால், சுட்டால் உடனே படும். அந்த வேலரன்ட் 2024-ல் கன்ஸோலுக்கும் வந்தது, ஆனால் பி.சி.காரர்களோடு கலக்கவிடவில்லை. எங்கள் குடும்பச் சண்டை அவர்களுக்கும் தெரிந்திருக்கும் போல.

தேய்மானத்தை மறக்காதீர்கள். வருமான வரிக் கணக்கில் கம்ப்யூட்டருக்கு வருஷத்துக்கு 40 சதவிகிதம். தேங்காய்த்திட்டு உப்புக் காற்றுக் கணக்கில் இன்னும் ஜாஸ்தி. என் கேபினெட் ஸ்க்ரூ ஒவ்வொன்றும் கப்பலில் கழற்றியது மாதிரி இருக்கிறது.

ஆனால் என்னைக் கேட்டால், மெஷினைப் பார்த்து வாங்காதீர்கள். யாரோடு ஆடப் போகிறீர்கள் என்று பார்த்து வாங்குங்கள். பக்கத்தில் பாய் போட்டு உட்கார ஆள் இருந்தால் கன்ஸோல். ராத்திரி தனியாக, தூரத்து ஜன்னலைக் குறி பார்ப்பவர் என்றால் பி.சி. எதை வாங்கினாலும், பட்டியலில் உங்கள் பெயர் சாம்பலாகிப் போனால் கவனிக்க ஒரு மச்சான் வேண்டும். அதை எந்தக் கடையிலும் விற்கவில்லை.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து மனைவியிடம் படித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரி இடத்தில் கண்ணைத் துடைத்துக் கொண்டாள். கடைசி வரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு கேட்டாள்:

"அதெல்லாம் சரி... ஜி.எஸ்.டி. கணக்குப் போட கிராஃபிக்ஸ் கார்டு எதுக்கு?"